உயிரணுவின் கருவூலம்

புதுவை நகரின் கீழ்த்திசையில் வங்கக் கடல் ஓயாது அலை வீசுகின்றது. கடல்நீர் கரிப்பதற்குச் சோற்றுப்பே பெருங்காரணம். ஆயினும் அந்நீரில் மக்னீசியம் என்னும் பொருளும் கலந்துள்ளது. ஒரு லிட்டர் கடல்நீரில் பொதுவாக அது 1.3 கிராம் அளவில் இருக்கும். பச்சிலைக்கு நிறமளிக்கும் பச்சையத்தின் நடுவே அமைந்திருப்பதும் அதுவே. கடலிலும் இலையிலும் காணப்படும் அப்பொருள் மனித உடலிலும் உண்டு.

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உளது. அதிற் பாதிக்கு மேற்பட்டது எலும்பில் தங்கியுள்ளது. எஞ்சியதிற் பெரும்பகுதி தசை முதலியவற்றின் உயிரணுக்களுக்குள் இருக்கின்றது. குருதியில் ஓடுவதோ நூற்றில் ஒரு பங்களவே.

உயிரணுவினுள் அதற்குரிய பணி யாது? உயிரணுவின் தொழில்களுக்கு வேண்டும் ஆற்றலை வழங்குவது ஏ.டி.பி. என்னும் பொருள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், பிஸ்கே என்பாருடன் கூடி, 1929-ஆம் ஆண்டில் இதனைத் தசையிற் கண்டறிந்தார். அதே ஆண்டில் செருமனியில் லோமன் என்பவரும் தனியே இதனைக் கண்டார். இந்த ஏ.டி.பி. பெரும்பாலும் மக்னீசியத்தோடு பிணைந்தே தொழிற்படுகின்றது.

இக்கருவூலத்தின் வாயிலைத் திறக்கவல்ல ஏவலர் சிலர் உளர். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகளிலிருந்து வருவோரே அவர். முன்னாளில் புதுவையைப் போலவே பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த மொரீசியசுத் தீவிற் பிறந்தவர் பிரௌன் செக்கார் என்னும் அறிஞர். இச்சுரப்பிகளை நீக்கினால் விலங்குகள் விரைவில் மடியும் என்பதை அவர் 1856-இல் காட்டினார்.

வழியிற் பாம்பைக் கண்டு ஒருவன் திடுக்கிடுகின்றான். உடனே சுரப்பியின் உட்பகுதியிலிருந்து அட்ரீனலின் குருதியிற் பாய்கின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது. அவ்வேளையில் இதயம், கல்லீரல் ஆகியவற்றின் உயிரணுக்களிலிருந்து மக்னீசியத்தின் ஒரு பகுதி வெளியேறக்கூடும். எலியின் உறுப்புகளிற் செய்த ஆய்வுகள் இதனைப் புலப்படுத்தின. சுரப்பியின் புறப்பகுதியில் ஊறும் அல்டோஸ்டிரோன் 1953-இல் பிரித்தெடுக்கப்பட்டது. சோடியத்தை உடலில் நிறுத்துவது அதன் தொழில். அது நெடுநாள் மிகுந்து சுரந்தால், மக்னீசியம் சிறுநீர் வழியே மிகுதியாகக் கழியும்.

இங்குதான் மருத்துவர்க்கு ஓர் இடர் நேர்கின்றது. கடைத்தெருவிற் புழங்கும் காசைக் கண்டு கருவூலத்தின் நிறைவை அறிய இயலுமோ? அதுபோலவே, குருதியில் அளவு சரியாக இருப்பினும் உயிரணுவிற் குறை இருத்தல் கூடும். மக்னீசியம் மிகக் குறையின் தசை நடுங்கும். இதயத் துடிப்பு நிலைதடுமாறும். உயிருக்கே ஊறு நேரும். ஆதலின் மருத்துவர் குருதிக் கணக்கோடு நோயாளியின் நிலையையும் ஆராய்ந்து முடிவு செய்வர்.

இத்தகைய நுண்ணறிவைப் பயிற்றும் ஜிப்மர் நிலையம் புதுவையிலேயே உள்ளது. பிரெஞ்சுக்காரர் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அது, 1964-இல் இப்பெயர் பெற்றது.

கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை ஆகியவை மக்னீசியத்தை நல்கும் உணவுகள். ஆயினும் சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு அது மிகுதலும் தீங்காம்; அவர்கள் மருத்துவரைக் கேளாமல் மக்னீசிய மருந்துகளை உண்ணலாகாது. குறைவும் மிகையும் இன்றி அளவோடு நிற்றலே உடல் நலத்தின் அடிப்படை என்பதை உயிரணுவின் இச்சிறு கருவூலம் நமக்கு உணர்த்துகின்றது.