மின்சாரம் நின்றாலும் மறக்காத நினைவகம்

நங்கநல்லூரில் ஒரு மருத்துவர் தம் நோயாளிகளின் விவரங்களை மடிக்கணிப்பொறியில் வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். வட்டில் உள்ளவை எல்லாம் மறைக்குறியீடாக மாற்றப்பட்டுள்ளன. கடவுச்சொல் தெரியாதவருக்கு அவை வெறும் எண் குவியலே. ஒருநாள், மூடிவைத்த நிலையில் அக்கணிப்பொறி திருட்டுப் போகிறது. விவரங்கள் பத்திரமாக இருக்குமா? "பூட்டித்தானே இருக்கிறது" என்பீர்கள். ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

மாணவர்களே! வட்டைப் படிக்கவும் எழுதவும் கணிப்பொறிக்கு எப்போதும் சாவி தேவை. அது 128 அல்லது 256 பிட்டுகள் கொண்ட ஓர் எண். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் அது 'ராம்' எனப்படும் தற்காலிக நினைவகத்துக்கு வந்து தங்கிவிடுகிறது. மூடியைச் சாத்தினால் பெரும்பாலான மடிக்கணிப்பொறிகள் அணைவதில்லை, உறங்குகின்றன. அப்போதும் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். சாவியும் அங்கேயே இருக்கும்.

மின்சாரத்தை நிறுத்தினால் சாவி உடனே அழிந்துவிடுமா? இங்கேதான் இயற்பியல் வருகிறது.

இவ்வகை நினைவகத்தை 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் கண்டுபிடித்தார். இதில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கி உண்டு. அதில் மின்னூட்டம் இருக்கிறதா, இல்லையா என்பதே செய்தி. மின்தேக்கியின் அளவு 25 ஃபெம்டோஃபாரட், மின்னழுத்தம் 1 வோல்ட் என்றால், அதில் உள்ளவை சுமார் ஒன்றரை லட்சம் எலெக்ட்ரான்கள்தாம். ஓட்டைக் குடத்து நீர்போல அவை கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே வழக்கமாக 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு குடத்தையும் பார்த்து மீண்டும் நிரப்புகிறார்கள்.

இந்த 64 மில்லிவினாடி என்பது மிக மோசமான ஓட்டைக் குடத்தை மனத்தில் வைத்துக் குறித்த கெடு. மற்றவை இன்னும் நெடுநேரம் தாங்கும். 2008-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் பிறரும் இதைச் சோதித்தார்கள். சாதாரண வெப்பநிலையிலேயே செய்தி சில வினாடிகள் நிலைத்தது. தூசு ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துத் தெளித்து, சில்லை −50 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தார்கள். பத்து நிமிடம் மின்சாரமின்றி இருந்தும், நூற்றுக்கு ஒரு பிட்டுகூட அழியவில்லை!

காரணம் என்ன? குறைகடத்தியில் கசிவு மின்னோட்டம் வெப்பத்தால் வளர்வது. குளிர்ந்தால் வெகுவாகக் குறையும். குளிர்ந்த சில்லைக் கழற்றி வேறு கணிப்பொறியில் பொருத்திப் படித்துவிடலாம். சில பிட்டுகள் அழிந்தால்? சாவியிலிருந்து கணக்கிட்ட துணை எண்களும் நினைவகத்தில் இருக்கும். அவற்றோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்திவிடலாம்.

தடுப்பது எப்படி? கணிப்பொறியை விட்டுச் செல்லும்போது உறங்கவிடாமல் முழுவதும் அணைக்க வேண்டும். அணைத்தபின் சில நிமிடம் அருகிலேயே இருப்பது நலம். மீண்டும் இயக்கும்போது, வட்டின் பூட்டுத் திறக்குமுன் கடவுச்சொல் கேட்கும்படி அமைக்க வேண்டும். இல்லையேல் திருடன் இயக்கியதும் சாவி தானாகவே நினைவகத்துக்கு வந்துவிடும். நினைவகத்தின் நகலை வட்டில் எழுதும் பகுதிகளும் மறைக்குறியீட்டில் இருக்க வேண்டும். இன்று சில செயலிகள் நினைவகத்தையே மறைக்குறியீடாக்கிவிடுகின்றன.

செய்து பாருங்கள்: 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி ஒன்றை, முனை மாறாமல், 9 வோல்ட் மின்கலத்தில் இணைத்து மின்னேற்றுங்கள். மின்கலத்தை எடுத்துவிட்டு, 10 கிலோ ஓம் மின்தடையை அதன் குறுக்கே இணையுங்கள். பத்து வினாடியில் மின்னழுத்தம் சுமார் 3.3 வோல்ட்டாகக் குறையும். 100 கிலோ ஓம் வைத்தால் அதே அளவுக்குக் குறைய எத்தனை வினாடி ஆகும்? கணக்கிட்டபின் அளந்து பாருங்கள். குளிர், கசியும் வழியின் மின்தடையை இவ்வாறே உயர்த்திவிடுகிறது.