தோள் எவ்வளவு சுழல்கிறது? வீட்டிலேயே பார்க்கும் முறை

தோள்வலிக்காரர்கள் பலர் கையை ஓரளவு தூக்கிக் காட்டிவிட்டு, “தூக்க முடியுதே, பின்னால கொக்கி போட மட்டும் ஏன் முடியல?” என்று கேட்கிறார்கள். தூக்குவது வேறு, சுழற்றுவது வேறு.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் ஏறக்குறைய கால்வாசிதான் எந்த நேரத்திலும் அதில் பதிந்திருக்கும். தசைகளும் லிகமென்ட்களும்தான் பிடிமானம். கையின் உயரம் மாறினால் சுழற்சிக்குக் கடிவாளம் போடும் லிகமென்ட்டும் மாறும். ஆகவே இரண்டு நிலைகளில் பாருங்கள்.

முதல் நிலை: கண்ணாடி முன் நின்று, முழங்கைகளை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டி, முன்கைகளை வெளிப்பக்கம் திருப்புங்கள். கேட்க எளிது, தவறாகச் செய்பவர்களே அதிகம். திரும்பாத தோளுக்காக முழங்கை விலாவை விட்டு விலகும், இல்லையென்றால் உடம்பே திரும்பிவிடும். அளவு போதுமென்று ஏமாந்துபோவீர்கள். சிறு துண்டைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே வையுங்கள். துண்டு விழுந்தால் அந்த அளவு செல்லாது. முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள். ஒற்றைக் கையை மட்டும் பார்ப்பதை நான் ஏற்பதே இல்லை. பலருக்கு 60 டிகிரி அல்லது அதற்கு மேலும் திரும்பும். ஆனால் உங்கள் மறு தோள்தான் உங்களுக்கு அளவுகோல்.

ஒரு பக்கம் பாதியிலேயே நின்றால், வீட்டில் ஒருவரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். அவர் கைக்குத் திரும்பினால் தசையையோ தசைநாணையோ சந்தேகிக்கலாம். அவராலும் முடியாவிட்டால் மூட்டுதான் இறுகியிருக்கிறது. தோள் மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டரில், தோளின் முன்பக்கக் கொக்கி எலும்பிலிருந்து மேற்கைக்கு வரும் கோராகோஹ்யூமரல் லிகமென்ட் தடித்துச் சுருங்கி, இந்தச் சுழற்சியைத்தான் முதலில் பறிக்கும். மூட்டுத் தேய்மானமும் இதேபோல் தோன்றும் என்பதால் எக்ஸ்ரே அவசியம்.

இரண்டாம் நிலை: மல்லாந்து படுத்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி, முழங்கையை மடக்கி, முன்கையைத் தலைப்பக்கமும் கால்பக்கமும் சாயுங்கள். இங்கே நிறுத்துவது கீழ்ப்புற லிகமென்ட். கால்பக்கம் சாய்க்கையில் தோள் தரையைவிட்டு எழும்பினால் அங்கேயே அளவை நிறுத்துங்கள். பந்துவீச்சாளர்களுக்கு வீசும் கை வெளிப்பக்கம் (தலைப்பக்கம்) கூடுதலாகவும் உள்பக்கம் (கால்பக்கம்) குறைவாகவும் சுழல்வது சகஜம். ஒருமுறையாவது தோள் நழுவியவர்கள் இந்த நிலையைத் தொடவே வேண்டாம். தோள் மறுபடி நழுவுவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

இறுக்கம்தான் என்று மருத்துவர் உறுதி செய்தபின், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, படுத்தபடி, துண்டு முழங்கையில் இருக்க, மறு கையால் ஒரு கம்பைத் தள்ளி முன்கையை வெளிப்பக்கம் திருப்பி 20 விநாடி வையுங்கள். கையைச் சக்கரம்போல் சுற்றினால் இந்த இழுப்பு கிடைக்காது. வலி அரைமணியில் அடங்க வேண்டும். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் அன்று அதிகம் தள்ளிவிட்டீர்கள். ஒரே இழுப்பில் சரிசெய்கிறேன் என்பவரிடம் தோளைக் கொடுக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. அடிபடாமலே தோள் இறுகியவர்கள் ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.