கீரிப்பூச்சி மருந்து யார் யாருக்கு?

கடன்பட்டவன்கூட நெருங்கிய நண்பனிடம் வாய் திறந்து சொல்லிவிடுவான். வீட்டில் பிள்ளைக்குக் கீரிப்பூச்சித் தொல்லை என்று சொல்ல மாத்திரம் நம்மவருக்கு வாய் வருவதில்லை. மூடி மறைப்பதனாலேயே இப்பூச்சி பல வீடுகளில் வாடகையின்றிக் குடியிருந்து வருகிறது. ஆகவே வெட்கத்தை ஒருபுறம் வைத்து, நம் வீட்டுச் செய்தியையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமக்குக் கடை மலாக்கா நகரில். குடியிருப்பு பாயா ரும்புட்டில். சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் திரும்ப இரவு 11 மணி ஆகிவிடும். வீட்டில் நம் உம்மா, நம் வீட்டார், பிள்ளைகள் மூவர், கீழறையில் கடைப் பையன்கள் இருவர். நம்மையும் சேர்த்து எட்டுப் பேர். ஏழு வயது மகன் இரவில் திடுக்கென எழுந்து, ஆசனவாயில் அரிப்புத் தாங்காமல் அழுதான். "மிட்டாய் தின்றதன் பலன்" என்றார் உம்மா. பேதிக்கு விளக்கெண்ணெயும் கொடுத்தார். பூச்சி போகவில்லை. வீட்டார் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதம் நிம்மதி, மறுபடியும் அரிப்பு. மூன்றாம் முறை கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றபோது அங்கிருந்த டாக்டரம்மா பிள்ளையை அதிகம் பார்க்கவில்லை. "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார். "எட்டுப் பேர்." "மாத்திரை சாப்பிட்டவர் எத்தனை பேர்?" "இவன் ஒருவன்தான்." எட்டுப் பேருக்கும் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வீட்டுக்கு வந்தது. உம்மா சாப்பிட்டார், வீட்டார் சாப்பிட்டார், பிள்ளைகள் சாப்பிட்டனர். நாம் சாப்பிடவில்லை! "நமக்கு அரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை; உண்பதும் இருப்பதும் கடையில்" என்று சட்டைப்பையில் போட்டு வைத்தோம். முதலாளியே சாப்பிடாததைப் பார்த்துக் கடைப் பையன்களும் சாப்பிடவில்லை. ஆறு வாரம் கழித்து, அதுவரை நன்றாயிருந்த சின்ன மகள் சொறியத் தொடங்கினாள்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் மருந்தின் முறையும் தானே விளங்கிவிடும்.

நூற்புழு என்று புத்தகங்களிலும், 'சாச்சிங் கெராவிட்' என்று மலாய்க்காரர்களாலும் சொல்லப்படுவது இப்பூச்சிதான். வெள்ளை நூல் துண்டு போலிருக்கும். பெண் பூச்சி 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளம். ஆண் அதில் பாதிகூட இராது. பெருங்குடலின் தொடக்கத்தில் வாழும் பெண் பூச்சி, மனிதன் உறங்கும் வேளையில் ஆசனவாய்க்கு வெளியே வந்து, அங்குள்ள தோலில் பத்தாயிரத்துக்கும் மேலான முட்டைகளை இட்டுவிடுகிறது. இரவில் அரிப்பதன் காரணம் இதுவே. அம்முட்டைகள் 4 முதல் 6 மணி நேரத்தில் மற்றொருவரைப் பற்றும் பக்குவம் அடைந்துவிடுகின்றன. பிள்ளை உறக்கத்தில் சொறிகிறது. முட்டை நகத்திடுக்கில் ஏறுகிறது. காலையில் அதே விரல் வாய்க்குப் போகிறது. விழுங்கிய முட்டை பொரித்து வளர்ந்து தானும் முட்டையிட ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். நம் வீட்டில் மாதம் தவறாமல் தொல்லை திரும்பியதன் கணக்கு இதுதான்.

நகத்தோடு நில்லாமல் கைலியிலும், போர்வையிலும், தலையணையிலும், கதவுப் பிடியிலும் முட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இவை வீட்டுக்குள் இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடிருக்கும். பெரியவர்களில் அநேகருக்குப் பூச்சி இருந்தும் அரிப்பே இராது. நாம் சட்டைப்பையில் மாத்திரையை வைத்துக்கொண்டு திரிந்தபோது, நம்மிடமோ பையன்களிடமோ பூச்சி இருந்திருக்கலாம். யாரிடமிருந்து மகளுக்குப் போயிற்று என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை. அதனால்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும் என்கிறார்கள்.

இனிப்புத் தின்பதால் பூச்சி பிறப்பதில்லை. பூனையிடமிருந்தும் வருவதில்லை, இப்பூச்சிக்கு மனிதனைத் தவிர வேறு வீடு கிடையாது. இது அழுக்கர் வீட்டு நோயுமன்று. பாலர் பள்ளியிலும் மத்ரஸாவிலும் பிள்ளைகள் நெருங்கி உட்காரும் இடமெல்லாம் பரவும். எனவே எவர் வீட்டிலிருந்து வந்தது என்று துப்புத் துலக்கி மனஸ்தாபம் தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

தோட்டப்புறத்துப் பெரியவர்கள் வேறொரு புழுவை நன்கறிவர். அது கொக்கிப்புழு. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் டாக்டர் டார்லிங் குழுவினர் மலாயா, ஜாவா, பீஜி ஆகிய இடங்களுக்கு வந்து அதை ஆராய்ந்தனர். மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து ஏறும் அந்தப் புழுவுக்குக் கக்கூசும் செருப்பும் பெரும் பகைவர்கள். கீரிப்பூச்சியோ மண்ணைத் தொடாமலே கையிலிருந்து வாய்க்குப் போய்விடுகிறது. எவ்வளவு உயர்ந்த பளிங்குக் கக்கூசு கட்டினாலும் அதற்குக் கவலையில்லை. இந்நாட்டுப் பள்ளிகளில் 1974 முதல் 1983 வரை பூச்சி மாத்திரைத் திட்டம் ஒன்று நடந்தது. இந்தியாவில் 2015 முதல் குடற்புழு நீக்க நாள் வைத்து மாணவருக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். "ஊரில் பள்ளிக்கூடத்திலேயே மாத்திரை கொடுத்தாயிற்றே, மறுபடியும் எதற்கு?" என்று ஊரிலுள்ள வீட்டார் போனில் கேட்பதுண்டு. அத்திட்டத்தின் குறி மண்வழிப் புழுக்கள். பள்ளியில் ஒரு பிள்ளை ஒரு நாள் சாப்பிடுவதால் வீட்டிலுள்ள கீரிப்பூச்சி ஒழியாது.

மருந்துக்கு வருவோம். மெபெண்டசோல் 100 மில்லிகிராம் அல்லது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை. பைரண்டெல் என்ற மருந்தும் உண்டு. அது உடல் எடைக்குத் தக்கபடி. இம்மருந்துகள் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லா. ஆதலால் இரண்டு வாரம் கழித்து மறுவேளை கட்டாயம். இடையில் பொரித்த பூச்சிகள் முட்டையிடும் வயதை அடையுமுன் அது அவற்றைத் தீர்த்துவிடும். முதல் வேளையோடு நிறுத்துவது, முதல் தவணை கட்டிவிட்டுக் கடன் தீர்ந்தது என்று கணக்கை மூடுவதற்குச் சமம். வீட்டில் உறங்கும் அத்தனை பேரும், வேலைக்காரப் பெண், கடைப் பையன் உட்பட, ஒரே நாளில் சாப்பிட வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோருக்கு மாத்திரம் டாக்டரைக் கேளாமல் கொடுக்கலாகாது.

பூச்சிதானா என்ற சந்தேகமிருந்தால், உறங்கிய பிள்ளையை இரண்டு மூன்று மணி நேரம் கழித்து விளக்கடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் நெளிவது தெரியும். காலையில் கழுவுமுன் ஒட்டுநாடாவை அவ்விடத்தில் ஒற்றியெடுத்துக் கொடுத்தால் கிளினிக்கில் முட்டையைக் கண்டுகொள்வார்கள்; மலப் பரிசோதனையில் பெரும்பாலும் அகப்படாது. பெண் பிள்ளைகளுக்குப் பூச்சி முன்புறமும் ஊர்ந்து எரிச்சல் உண்டாக்கும். படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் நேரலாம். தாய்மார்கள் இதற்காகப் பிள்ளையை அடிக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை கண்டால் கீரிப்பூச்சி என்று சும்மா இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்து சாப்பிட்ட காலையிலும் அடுத்த இரண்டு வாரமும் வீட்டில் வேலை இருக்கிறது. எழுந்தவுடன் குளிக்க வேண்டும்; இரவு இட்ட முட்டைகள் அதில் போய்விடும். இரவுக் கைலியையும் உள்ளுடுப்பையும் தினமும் மாற்ற வேண்டும். போர்வையை உதறவே கூடாது. உதறினால் முட்டை தூசியோடு பறந்து மூக்கிலும் வாயிலும் விழும். மெல்லச் சுருட்டிச் சுடுநீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். அறைக்குள்ளும் வெயில் வரட்டும். தரையை ஈரத்துணியால் துடைப்பது நலம்.

நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். நாம் தண்ணீரால் கழுவிச் சுத்தம் செய்பவர்கள். நாளில் ஐந்து வேளை ஒளுச் செய்பவர்கள். ஆகையால் நம் கையில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம் நமக்குண்டு. வெறும் தண்ணீர் நகத்திடுக்கில் உள்ளதை எடுக்காது. கழுவும் கையிலேயே முட்டை ஏறவும் கூடும். கக்கூசிலிருந்து வந்ததும், சோற்றில் கை வைக்குமுன்னும் சவர்க்காரம் போட்டு நகத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாப்பாட்டுக் கடை வைத்திருப்போர் இதில் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருத்தல் அவசியம். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி உணவு கையாளுவோருக்குப் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் கேட்கிறார்கள்; கீரிப்பூச்சியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இன்னொன்று: எச்சில் தொட்டு நோட்டு எண்ணும் நம் பழக்கம். கல்லாவில் ஈரப் பஞ்சு ஒன்று வைத்துக்கொண்டால் என்ன? நாம் வைத்துவிட்டோம், கை மாத்திரம் இன்னும் வாய்க்குத்தான் போகிறது.

பிள்ளையைப் பள்ளிக்கோ மத்ரஸாவுக்கோ அனுப்பாமல் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. ஓதிக் கொடுக்கும் உஸ்தாதிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் மற்ற வீட்டார் கவனித்துக்கொள்வர்.

மகளுக்கு வந்த பின்பு எட்டுப் பேரும் ஒரே இரவில் சாப்பிட்டோம். இரண்டாம் வேளைக்குரிய தேதியைக் கடைக் காலண்டரில், மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டும் தேதிக்குக் கீழே எழுதி வைத்தோம். அன்று பெரிய பையன் சரக்கெடுக்க மூவாருக்குப் போகவேண்டியதாயிற்று. மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினோம். "விழுங்கியாயிற்றா தம்பி?" என்று இரவு போனில் கேட்டு, "ஆயிற்று முதலாளி" என்று அவன் சொன்ன பிறகே நமக்குரியதை எடுத்து வாயில் போட்டோம்.