ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பது ஏன்? சீனி வியாதிக்காரர்கள் தெரிந்துகொள்ள ஒரு பாடம்



காசல்றீயிலும் மவுசாக்கலையிலும் நாம் தினமும் பார்க்கிற தண்ணீர், களனி கங்கையாக ஓடிக் கடைசியில் கடலைச் சேர்கிற இடம் கொழும்பு 15, முகத்துவாரம். ஆற்றின் வாய் என்பதால்தான் அந்தப் பெயர். தண்ணீர் மட்டுமா, நம்ம தோட்டத்துப் பிள்ளைகளும் எத்தனையோ பேர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கடையில் வேலை, கராஜில் வேலை, துறைமுகத்துப் பக்கம் ஸ்டோர் வேலை. அம்மா அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டுமென்றால் பிள்ளையின் அறைதான் தங்குமிடம்.

அப்படி மஸ்கெலியாப் பக்கமிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மாவை, அளுத்மாவத்தைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் நாங்கள் சந்தித்தோம். (வரிசை வீடுகள் நெருங்கி இருக்கிற இடத்தைக் கொழும்பிலும் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே தேயிலை இல்லை, அவ்வளவுதான்.) வயது 58. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். சீனி வியாதி என்று கண்டுபிடித்து ஒன்பது வருஷம்.

"பகலெல்லாம் சும்மா இருக்கிற காலு, ராத்திரி ரெண்டு மணிக்குக் கெண்டச்சதைய கட்டையா இறுக்கிப் புடிச்சிக்குதுங்க. கத்தின கத்துல பக்கத்து வீடெல்லாம் எந்திரிச்சிருச்சு" என்றார்.

எழுந்து வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்களாம். ஒருவர் கோடாரித் தைலம், ஒருவர் சித்தாலேப, இன்னொருவர் கொயினா மாத்திரை. மருமகள் பாவம், நல்லது செய்ய நினைத்து போத்தலில் சுடுதண்ணி நிரப்பிக் காலடியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். காலையில் பார்த்தால் குதிகாலில் பெரிய கொப்புளம். "சூடே தெரியலியேம்மா" என்று அந்த அம்மா சொன்ன வார்த்தைதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. பிடிப்பைவிடப் பெரிய சங்கதி அதற்குள் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பாடம்.

முதலில் பிடிப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். சதை சுருங்குவதும் விரிவதும் நரம்பு கொடுக்கிற உத்தரவினால். உத்தரவு தேவையில்லாமல் திரும்பத் திரும்பப் போனால், சதை சுருங்கினபடியே நின்றுவிடும். தொட்டால் கல் மாதிரி இருக்கும். சில விநாடியோ சில நிமிஷமோ இருந்து விட்டுவிடும், ஆனால் மறுநாளும் அந்த இடம் நோகும். படுக்கும்போது நம் பாதம் தானாகவே கீழ்நோக்கிச் சாய்கிறது. கெண்டைச் சதை அப்போதே பாதி சுருங்கின நிலையில் இருப்பதால், சின்ன உத்தரவு வந்தாலும் போதும், முழுக்க இறுகிவிடும். சீனி இல்லாதவர்களுக்கும் இது வரும். வயது ஏற ஏற வரும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வரும், நாள் முழுக்க செங்குத்தான மலையில் ஏறி இறங்கினவர்களுக்கும் வரும். ஆகையால் கால் பிடித்தவுடனே சீனி வியாதி என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் சீனி உள்ளவர்களுக்கு ஏன் அடிக்கடி?

ஒரு காரணம் தண்ணீர். இரத்தத்தில் சீனி டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடிவதில்லை. சீனி மூத்திரத்தில் போகும், போகும்போது தண்ணீரையும் உப்புச் சத்துக்களையும் கூட்டிக்கொண்டு போகும். ராத்திரி நாலைந்து தரம் எழும்புவது இதனால்தான். உடம்பு வறண்டால் சதை பிடித்துக்கொள்ளும். நம்ம பெண்களுக்கு இதில் இன்னொரு கஷ்டம் சேருகிறது. மலையில் ஒதுங்க மறைவான இடம் இல்லை என்று காலையிலிருந்து தண்ணி குடிக்காமலே வேலை செய்கிறார்கள். குடிப்பது ஒரு கோப்பைத் தேத்தண்ணி, அதிலும் நாலு கரண்டி சீனி. இதை நாங்கள் பெண்களின் தப்பு என்று சொல்லமாட்டோம். மலையில் ஒரு கக்கூஸ் இல்லாத குறையை, தண்ணி குடிக்கச் சொல்லிப் புத்தி சொல்வதால் தீர்க்க முடியாது. தோட்டத்துக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் அது.

அடுத்தது நரம்பு. சீனி வருஷக்கணக்கில் கூடியே இருந்தால், உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் முதலில் கெடும். அவை எங்கே முடிகின்றன? கால்விரலில். அதனால்தான் எரிச்சல், ஊசி குத்தல், எறும்பு ஊருவது எல்லாம் விரலில் தொடங்கி மேலே ஏறுகிறது. கெட்ட நரம்பு தப்பான உத்தரவு கொடுக்கும், அப்போது பிடிப்பு வரும். இன்னும் கெட்டால் உணர்ச்சியே போய்விடும். முகத்துவாரத்து அம்மாவுக்கு நடந்தது அதுதான். சதையில் வலி தெரிந்தது, தோலில் சூடு தெரியவில்லை. இரண்டும் ஒரே காலில் இருக்க முடியும் என்பது பலருக்கும் தெரியாது.

மூன்றாவது இரத்தக் குழாய் அடைப்பு. இதைப் பிடிப்பு என்று எண்ணி ஏமாந்து போகிறவர்கள் உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் ரெண்டு மூன்று நிமிஷத்தில் விட்டுவிடும், மறுபடி நடந்தால் மறுபடி வரும். இது இரத்தம் போதாமல் சதை கேட்கிற கூலி. முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும், காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால் சுகமாக இருக்கும். பாதம் சில்லென்று இருப்பது, விரல் நிறம் மாறுவது, புண் ஆறாமல் இழுப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். சீனியோடு பீடி, சுருட்டும் இருந்தால் ஆபத்து பன்மடங்கு. இப்படி இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். விரலையும் காலையும் இழப்பது இந்த வழியில்தான்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் அது வேறு. இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி மாத்திரைகள். பிரஷருக்குக் கொடுக்கிற நீர் மாத்திரை உடம்பின் உப்புச் சத்தைக் குறைக்கும். கொழுப்புக்குக் கொடுக்கிற ஸ்டாட்டின் வகை சிலருக்குச் சதைவலி தரும். சீனிக்குக் கொடுக்கிற மெட்ஃபோர்மின் நல்ல மருந்து, ஆனால் பல வருஷம் எடுக்கிறவர்களில் சிலருக்கு வைற்றமின் பி 12 குறைந்து, அதனாலும் நரம்பு கெடும். மீன், முட்டை, பால் அதிகம் சேர்க்காதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதை வாசித்துவிட்டு மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது! "எனக்குக் கால் பிடிக்குது, இந்த மாத்திரையாலயா?" என்று டொக்டரிடமோ தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடமோ கேளுங்கள். கிளினிக் கொப்பியில் உள்ள எல்லா மருந்தையும் காட்டிக் கேளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், சில சீனி மாத்திரை எடுக்கிறவர்களும் ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். சட்டை நனைய வேர்வை, நெஞ்சு படபடப்பு, கெட்ட கனவு. சிலருக்கு இதோடு காலும் பிடிக்கும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சீனி வியாதிக்காரருக்குச் சீனியா என்று வீட்டார் தயங்கக் கூடாது. உயிரைக் காக்கிற சீனி அது. ஆள் மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், தைரொயிட் குறைந்தவர்களுக்கும் பிடிப்பு வரும். அதை இரத்தப் பரிசோதனையில்தான் அறியலாம்.

பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? காலை நீட்டி, பாதத்தை நம் பக்கமாக மடக்கி இழுங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துவாயை விரலடியில் போட்டு இழுக்கலாம். அல்லது எழுந்து, குதிகால் தரையில் அழுந்த நில்லுங்கள். ஆனால் அவசரத்தில் இருட்டில் துள்ளி எழுந்து விழுந்துவிடாதீர்கள். லயத்து வாசற்படியில் இடறி இடுப்பெலும்பு முறிந்தால் அது பிடிப்பைவிடப் பெரிய தொல்லை. சூடு கொடுப்பதென்றால், உணர்ச்சி நன்றாக உள்ள இன்னொருவர் தன் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான். சுடுதண்ணிப் போத்தல், சுட்ட செங்கல், வறுத்த மணல் ஒத்தடம், இவை சீனிக்காரரின் பாதத்துக்கு வேண்டவே வேண்டாம்.

வராமல் தடுக்க ஒரு சின்னப் பயிற்சி உண்டு. சுவரைப் பார்த்து நின்று இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலைத் தூக்காமல் முன்னே சாயுங்கள். கெண்டைச் சதை இழுபடுவது தெரியும். மெதுவாகப் பத்து எண்ணுங்கள், மூன்று தரம், பிறகு மற்றக் கால். 2012 இல் நெதர்லாந்தில் 55 வயது கடந்த 80 பேரை வைத்து, படுக்கப்போகுமுன் காலை இழுத்துவிடும் பயிற்சியை ஆறு வாரம் செய்யவைத்துப் பார்த்தார்கள். செய்தவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. காசு செலவில்லாத வைத்தியம் என்பதால் நாங்கள் இதை முதலில் சொல்கிறோம். கடையில் விற்கிற மெக்னீசியம் மாத்திரையில், வயதானவர்களுக்குச் சொல்லத்தக்க பலன் ஆய்வுகளில் தெரியவில்லை.

அந்தக் கொயினா கதைக்கு வருவோம். நம் மலைகளுக்கும் அதற்கும் பழைய சொந்தம். ஹக்கலைப் பூங்கா 1861 இல் தொடங்கப்பட்டதே, கொயினா எடுக்கிற சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான். 1869 இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்த பிறகு, தேயிலை நிலைபெறுவதற்கு முன்னே, கொஞ்சக் காலம் மலைநாடு சிங்கோனாவை நம்பியிருந்தது. மலேரியாவுக்கு அருமருந்து. கால்பிடிப்புக்கும் ஓரளவு கேட்கும் என்பது உண்மை. ஆனால் இரத்தம் உறைய உதவும் அணுக்களைக் குறைக்கும், இருதயத் துடிப்பைக் குழப்பும், சீனியையும் திடீரென்று இறக்கும். அமெரிக்காவில் கால்பிடிப்புக்கு இதைச் சீட்டில்லாமல் விற்பதை 1994 இலேயே தடை செய்தார்கள். பக்கத்து வீட்டார் கொடுத்தால் வாங்கிப் போடாதீர்கள்.

வாழைப்பழமும் செவ்விளநீரும் நல்லதென்று சிலர் சொல்வார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பாதகமில்லை, சீனியை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் இருதயத்தையே பாதிக்கும். கேட்காமல் எடுக்க வேண்டாம்.

நம் நாட்டில் 2005-06 இல் செய்த கணக்கெடுப்பில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேருக்குச் சீனி வியாதி இருந்தது. 2018-19 இல் செய்த இன்னொரு ஆய்வில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பேர். லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு என்றில்லை, நாலு பெரியவருக்கு ஒருவர் என்ற கணக்கு. ஆகவே அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். நூல் போன்ற நைலோன் கம்பியால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். மூன்று மாதச் சீனிச் சராசரி, சிறுநீரகப் பரிசோதனை இரண்டும் எப்போது செய்தது என்று கேளுங்கள். எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு, எந்தக் கால் என்று பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் டொக்டருக்குப் பாதி வேலை குறையும்.

முகத்துவாரத்து அம்மாவின் சீனி 290க்கு மேல் நின்றதாகவும், மருந்தை மாற்றியிருப்பதாகவும் மகன் சொன்னார். கொப்புளம் புண்ணாகி ஆற ஏழு வாரம் சென்றது. அதுவரை தோட்டத்துக்குத் திரும்ப விடவில்லை. இப்போது மாதத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோதான் பிடிக்கிறதாம். படுக்குமுன் சுவரில் கை வைத்து நிற்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளை, "பாட்டி செவரைத் தள்ளுது" என்று சிரிக்கிறானாம். ஒவ்வொரு ராத்திரியும் டோர்ச் அடித்துப் பாட்டியின் பாதத்தைப் பார்ப்பது இப்போது அவன் வேலை.