தெள்ளும் உண்ணியும்

முதலாம் சாமுவேல் ஆகமத்தின் 24-ஆம் அதிகாரத்தைப் படிப்போர், குகையினின்றும் வெளிவந்த தாவீது, தன்னைத் துரத்தி வந்த சவுல் மன்னன் முன்னே தன்னை ஒரு தெள்ளுப்பூச்சியாகத் தாழ்த்திக் கூறுதலைக் காண்பர். இளமை தொட்டு ஆலயத்தில் இவ்வதிகாரம் வாசிக்கப்படக் கேட்டிருந்தும், தெள்ளு என்பது யாதென்று யாம் ஒருநாளேனும் வினவியதில்லை. பேன் போல்வதொரு சிற்றுயிர் எனக் கருதி அப்பாற் சென்றோம். அவ்வறியாமைக்கு எம் இல்லத்துப் பூனைக்குட்டி ஒன்று தன் உயிரை விலையாகக் கொடுத்தது. இலக்கியக் கட்டுரைகளுக்கிடையே இத்தகைய பொருளை எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

எம் பாட்டியார் இல்லம் தென்காசியில் குற்றாலம் செல்லும் சாலையை அடுத்துளது. சென்ற ஆண்டு ஆடித் திங்களில் விடுமுறைக்கு யாம் அங்குச் சென்றிருந்தபொழுது, மூன்று மாதமே ஆன வெண்ணிறக் குட்டி ஒன்று அடுக்களையில் வளர்ந்து வந்தது. (வெருகின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் உரிமையாக்கியிருத்தலை ஆனர்சு மாணவர் அறிவர், இதற்குக் குட்டி என்பதே இயற்பெயருமாயிற்று.) அஃது இரவும் பகலும் உடலைச் சொறிந்துகொண்டேயிருந்தது. மயிரை விலக்கிப் பார்த்தவிடத்துப் பழுப்பு நிறப் பூச்சிகள் ஓடின. "உண்ணி பிடித்திருக்கிறது, மருந்து வாங்கி வாருங்கள்" என்றார் பாட்டியார். யாம் கடைவீதிக்குச் சென்று உண்ணி மருந்து கேட்டோம். கடைக்காரரும் உண்ணி மருந்தே தந்தார். அவரைக் குறை கூறுதற்கு ஒன்றுமில்லை. குப்பியின் ஓரத்தில் மாடு, நாய் இவற்றிற்கு மட்டும் உரியது என்று ஆங்கிலத்திற் பொடியெழுத்துக்கள் இருந்தன. பாட்டியார்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலம் தெரிந்த யாமோ படிக்கவில்லை.

மாலையில் மருந்தைத் தடவினோம். விளக்கு வைக்கும் நேரத்திற் குட்டியின் காதுகள் தாமே துடித்தன. பின்னர் வாயினின்றும் நீர் ஒழுகிற்று, கால்கள் தள்ளாடின, உடல் முழுதும் நடுங்கி வலிப்புக் கண்டது. பாட்டியார் அதனைத் தம் சேலைத் தலைப்பிற் சுற்றி மடியில் வைத்திருந்தார். விடியுமுன் அஃது இறந்தது. மறுநாள் கால்நடை மருத்துவர் ஒருவர் அக்குப்பியை வாங்கிப் படித்துப் பார்த்து, "பூனைக்கு உண்ணி வந்ததாக யார் சொன்னார்கள்?" என்று வினவினார். அவ்வினாவினின்றும் இக்கட்டுரை பிறந்தது.

நம் நாட்டார் வழக்கில் விலங்கின் மேல் ஊரும் எல்லாமே உண்ணியாகிவிட்டன. உண்மையில் உண்ணி எட்டுக்காலுயிர், சிலந்தியின் உறவு. அது தாவாது; தோலிற் கடித்துப் பற்றியவிடத்திலேயே இருந்து, குருதி குடித்துக் கொட்டைமுத்துப்போற் பருக்கும். பேன் ஆறு காலுடையது. தன் முட்டையாகிய ஈரை மயிரில் ஒட்டிவைத்து விலங்கின் உடலிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும். தெள்ளும் ஆறு காலுடையதே, இறகில்லை, இருபுறமும் அழுத்தப்பட்ட தட்டையான உடலால் மயிரினூடே வழுக்கி ஓடும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவினதாயினும் ஒரு சாண் உயரம் தாவ வல்லது. பூனையை வருத்துவது பெரும்பாலும் இதுவே. இம்மூன்று சொற்களும் தமிழில் தனித்தனியே இருக்கின்றன. முன்னோர் வேறு வேறாகக் கண்டு பெயரிட்டவற்றை யாம் ஒன்றாக்கிக் கடையிற் கேட்டோம்.

தெள்ளென்பதும் ஓரினமன்று, உலகில் ஏறத்தாழ 2,500 இனங்கள் உள என்பர். கொள்ளைநோயைப் பரப்புவது எலித்தெள்ளு என்பதை 1898-ஆம் ஆண்டு கராச்சி நகரிற் சோதனை செய்து காட்டியவர் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். நோயுற்ற எலியின்மீது தெள்ளு போதாதென்று கருதி அவர் ஒரு பூனையினின்றும் தெள்ளுக்களைப் பிடித்து விட்டனர் என்பது அவ்வரலாற்றில் வரும் சுவையான செய்தி. அக்காலத்தார் அவர் கூற்றை எளிதில் நம்பவில்லை. நம் பூனைகளின் தெள்ளு கொள்ளைநோய்க்கு முதற்காரணமன்று. ஆயினும் அதனைத் தீங்கற்றதென்று கொள்ளலாகாது. தன்னை நக்கும் பூனை தெள்ளை விழுங்குங்கால் நாடாப்புழு அதன் குடலிற் குடியேறும். பூனை படுத்த இடத்தில் அரிசிமணி போன்ற துண்டுகள் காணப்படின் அதுவே அடையாளம். மிக இளங்குட்டிகள் தெள்ளு மிகுந்து குருதி குன்றி இறத்தலும் உண்டு.

நிற்க. எம் குட்டியைக் கொன்றது யாதெனக் காண்பாம். சாமந்தியினத்தைச் சேர்ந்த ஒருவகை வெண்பூவைப் பொடித்துப் பூச்சிகொல்லியாக வழங்குதல் பழைய வழக்கம். அப்பூவின் நஞ்சைப் பார்த்து, வெயிலில் அழியாத செயற்கை நஞ்சாகப் பெர்மெத்ரின் என்பதை 1973-இல் இங்கிலாந்து ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவர் துணைவரும் ஆக்கினர். மாட்டுண்ணிக்கு இன்று ஊரெங்கும் விற்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்பனவும் அக்குடும்பத்தனவே. இவை நரம்பின் வழியே செல்லும் செய்தியை அடங்கவொட்டாமல் மீண்டும் மீண்டும் எழச் செய்யும். பூச்சி துடித்துச் சாகும். மாடும் நாயும் தம் ஈரலின் துணையால் இந்நஞ்சை விரைவிற் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கோ அதற்கு வேண்டிய நொதியின் ஆற்றல் மிகக் குறைவு. ஆதலின் நஞ்சு உடலிலேயே தங்குகின்றது. நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாரசிட்டமால் பூனையைக் கொல்வதும் பெரும்பாலும் இக்குறையினாலேயே. நாயிற் பாதியளவு எடையுள்ள பூனைக்கு நாய் மருந்திற் பாதி இட்டாற் போதும் என்று கணக்கிடுவோர் உளர். இங்கே அக்கணக்குச் செல்லாது. அளவு தவறுவதன்று, பொருளே தவறுவது. தோலிற் சொட்டும் நாய் மருந்துகளிற் சில, நூற்றுக்கு 45 பங்கு பெர்மெத்ரினும் அதற்கு மேலும் உடையன. அவற்றின் சில துளிகளே பூனைக்குப் போதும். அத்தகைய மருந்திட்ட நாயோடு ஒட்டி உறங்கிய பூனைகளும் துன்புற்றுள்ளன.

இவ்வாறு தவறுதலாக இட்டுவிட்டவர் செய்யத் தக்கது ஒன்றுண்டு. அதனை அன்றிரவு யாம் அறிந்திலோம். வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்பு நீரும் கொண்டு மருந்தை உடனே கழுவிவிடல் வேண்டும். சுடுநீர் ஆகாது, அது தோலில் நஞ்சு ஏறுதலை விரைவாக்கும். கழுவியபின் ஈரம் துவட்டிக் குளிராமற் காத்து, குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடவேண்டும். வலிப்பை அடக்கும் ஊசி அவரிடமே உளது. பாலூட்டிக்கொண்டும் வேப்பிலை அடித்துக்கொண்டும் இருந்த அவ்விரவின் பொழுதெல்லாம் வீணாயிற்று.

இனி, தெள்ளை ஒழிப்பது எவ்வாறு? இதற்குத் தெள்ளின் வாழ்க்கையையும் குற்றாலத்துச் சாரலையும் சேர்த்து எண்ணவேண்டும். பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைவரை இடும். அவை ஈர் போல ஒட்டாமல் பூனை நடந்த இடமெல்லாம் உதிரும். அவற்றினின்றும் வரும் புழுக்கள் ஒளிக்கு அஞ்சித் தரைவெடிப்பிலும் பாயின் மடிப்பிலும் சாக்கின் அடியிலும் ஒதுங்கி, வளர்ந்த தெள்ளுக்களின் உலர்ந்த குருதிக்கழிவை உண்டு வளரும். பின்னர்த் தூசியும் நூலும் விரவிய கூடு கட்டிக்கொள்ளும். ஒரு மனையிலுள்ள தெள்ளுக்களை நூறாகக் கொண்டால், பூனையின் மேலிருப்பன ஐந்தே. எஞ்சிய தொண்ணூற்றைந்தும் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் உள என்று கணக்கிட்டிருக்கின்றனர். பூனையை மட்டும் குளிப்பாட்டி ஓய்ந்தோர், ஐந்தைக் கொன்று தொண்ணூற்றைந்தை விட்டவராவர்.

காற்றில் ஈரம் குறைந்தால் அப்புழுக்கள் உலர்ந்து சாகும். கடுவெப்பமும் அவற்றிற்கு ஆகாது. ஆதலின் பங்குனி சித்திரையில் தென்காசியில் இத்தொல்லை சிறிது அடங்கும். ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றுப் புகுந்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் விழத் தொடங்கியதும், நாமெல்லாம் சாரலென்று மகிழும் அதே குளிரும் ஈரமும் தெள்ளுக்கும் பொற்காலமாகின்றன. குற்றாலத்தில் அருவிக்காலத்திற்கென்று திறக்கும் மனைகளில் மற்றொரு விந்தையும் காணலாம். கூட்டிலுள்ள தெள்ளு உடனே வெளிவரவேண்டுவதில்லை. சில மாதங்கள் காத்திருக்கவும் வல்லது. அடியெடுத்து வைக்கும் அதிர்வும், உடலின் சூடும், மூச்சுக்காற்றும் பட்டவுடன் கூட்டை உடைத்துத் தாவும். பலநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்தோர் கணுக்காலெங்கும் கடிபட்டு, வீட்டிற் பேயிருக்கிறது என்று அஞ்சியதையும் யாம் கேட்டிருக்கின்றோம். பேயன்று, முன் ஆண்டு அங்கிருந்த பூனை விட்டுச் சென்ற சொத்து!

எனவே முதல் வேலை வீட்டிலேயே தொடங்குகின்றது. பூனை படுக்கும் துணியை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்தல், பாயையும் மெத்தையையும் வெயில் காணும்போதெல்லாம் உணர்த்துதல், மூலைமுடுக்கை நாடோறும் பெருக்கி அக்குப்பையைச் சோப்பு நீரிற் கொட்டுதல் ஆகியவை செலவற்றன. முட்டையும் புழுவும் முதிராமற் செய்யும் மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிபென் என்னும் மருந்துகளும் உள. வீட்டில் தெளிப்பதாயின் அக்குப்பியிலும் பெர்மெத்ரின் கலந்துளதா என்று பார்த்துக்கொள்க.

பூனையின் உடலுக்கென மருத்துவர்கள் தருவனவற்றுள் பிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், செலமெக்டின் என்பன பெயர் பெற்றவை. பிப்ரோனில் கலந்த பூனைச் சொட்டு மருந்து பெரும்பாலும் அரை மில்லிலிட்டர் அளவே ஒரு குழாயில் அடைத்து வரும். பூனையால் நாவெட்டி நக்கமுடியாத பிடரியில், மயிரை வகிர்ந்து தோலின்மேற் படுமாறு இடவேண்டும். மயிரின்மேல் வழியவிட்டாற் பயன் குறையும். குட்டியின் வயதும் எடையும் மருந்தின் உறையிற் குறித்த அளவை எட்டியிருத்தல் இன்றியமையாதது. சொட்டு மருந்துகளிற் பல எட்டு வாரத்திற்குட்பட்ட குட்டிக்கு ஆகா. ஒருமுறை இட்டு நிறுத்துதலும் தகாது. கூட்டிலிருப்பன பின்னர் வெளிவருமாதலின், மாதம் ஒருமுறையாக மூன்று மாதமாவது தொடர்தல் வேண்டும். வீட்டில் நாயும் இருந்தால் அதற்கும் அதே நாளில், அதற்குரிய மருந்தை இடுக. பூனைக்கு நலஞ்செய்யும் இப்பிப்ரோனிலே முயலைக் கொல்ல வல்லது. ஓருயிரின் அமுது மற்றோருயிரின் நஞ்சாதற்கு இதனினும் சான்று வேண்டா.

"மருந்துக்கடைச் சரக்கெல்லாம் எதற்கு? வேப்பெண்ணெய் இல்லையா?" என்று பாட்டியார் வினவினார். மரபின்மேல் எமக்கும் பற்றுண்டு. ஆயினும் பூனை தன்னுடலில் இட்டதையெல்லாம் நக்கி உண்ணும் உயிர் என்பதை மறத்தலாகாது. வேப்பெண்ணெய் தடவப்பெற்ற பூனைகளும் நடுக்கம் முதலிய துன்பங்கள் அடைந்ததுண்டு. கற்பூரம், அந்துருண்டை, யூகலிப்டஸ் தைலம், மண்ணெண்ணெய் என்பன ஐயமின்றி விலக்கத்தக்கன. பூண்டை உணவிற் கலந்தாற் குருதியின் செவ்வணுக்கள் சிதையும். பாட்டியாரின் கைம்முறைகளுள் மருத்துவர் வியந்து பாராட்டியது ஒன்றே. அது பேன் சீப்பு. பல் நெருங்கிய சீப்பால் கழுத்தையும் வாலடியையும் வாரி, சிக்கிய தெள்ளைச் சோப்பு நீரில் ஆழ்த்தினாற் போதும். எத்துணை இளங்குட்டிக்கும் இதனால் தீங்கில்லை. சீப்பில் வரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால், வெறும் தூசியாயின் அப்படியே இருக்கும். தெள்ளின் கழிவாயின் செந்நிறமாகக் கரையும். தெள்ளு உண்டா இல்லையா என்று அறிய இதனினும் எளிய சோதனை இல்லை.

ஐயமுற்றோர்க்குத் தென்காசியிலேயே கால்நடை மருத்துவமனை உளது. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் அரசினர் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உளது. எங்குச் சென்றாலும் "உண்ணி மருந்து" என்று கேளாமல், "பூனைக்குத் தெள்ளு மருந்து, பூனைக்கென்றே உள்ளது" என்று கேட்க. தெள்ளு என்னும் சொல் கடைக்காரர்க்குப் புதிதாயின், தாவுகிற பூச்சி என்று விளக்குக.

பாட்டியார் இனிப் பூனையே வேண்டாவென்றிருந்தார். கார்த்திகை அடைமழையில் சாம்பல் நிறக் குட்டி ஒன்று தானே வந்து அடுப்பங்கரையிற் படுத்துக்கொண்டது. ஞாயிறுதோறும் ஆலயம் சென்று மீண்டபின், அவர் திண்ணையில் அமர்ந்து அதனை மடியிற் கிடத்திச் சீப்பால் வாருகின்றார். அருகே ஒரு கிண்ணத்திற் சோப்பு நீர். முழங்காலின்மேல் ஈர வெள்ளைத்துணி. சிக்கியவற்றை எண்ணி நாட்காட்டியின் ஓரத்திற் குறித்துவைப்பதும் உண்டு. முதல் ஞாயிறு பதினேழு. யாம் கடைசியாகக் கண்டபொழுது இரண்டு.