மட்டை தரப்படாத பந்துவீச்சாளர்

நஞ்சன்கூட்டிலிருந்து வடக்கே, கர்நாடக மாநிலத்தில் உள்ளது தார்வாட். அந்நகரில் 1876ஆம் ஆண்டு பிறந்தவர் பல்வங்கர் பாலு. தோல்தொழில் செய்யும் குலத்தில் பிறந்த அவரை அக்காலச் சமூகம் தீண்டத்தகாதவர் என ஒதுக்கியது.

புனே நகரில் பார்சியர் நடத்திய கிரிக்கெட் கழகம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கிச் சமன்செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. மாதக் கூலி 3 ரூபாய். பின்னர் ஆங்கிலேயர் கழகத்தில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். வலை கட்டுவதும், களத்தை உருளையால் சமன்செய்வதும், பயிற்சி பெறும் துரைமாருக்குப் பந்து வீசுவதும் அவர் பணிகள். கிரெய்க் என்னும் சிறந்த மட்டையாளர், பாலு தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா பரிசளித்தார் என்பர். இடக்கைச் சுழற்பந்து இவ்வாறே கூர்மை பெற்றது. ஆயினும், மணிக்கணக்கில் பந்து வீசிய பாலுவின் கையில் ஒருவரும் மட்டையைத் தரவில்லை. மட்டை பிடிப்பது துரைமாரின் உரிமை. பந்து வீசுவது பணியாளின் கடமை! இங்கிலாந்திலும் கூலி பெற்று ஆடியோரைத் தனியே பிரித்து வைக்கும் வழக்கம் 1962 வரை நீடித்தது.

ஆங்கிலேயரை வெல்ல விரும்பிய புனே இந்துக்கள் தயக்கத்துடன் பாலுவைத் தம் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். இடைவேளையிலோ, அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர். அமெரிக்காவின் பெரும் பேஸ்பால் அணிகளுள் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் நுழைய 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. பாலு களத்தினுள் நுழைந்துவிட்டார்; உணவு மேசைக்குத்தான் வழியில்லை.

பிளேக் நோய் பரவிய காலத்தில் அவர் பம்பாய் சென்றார். 1906இல் அங்கு நடந்த போட்டியில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றது. அவ்வெற்றியில் பாலுவின் பங்கு பெரிது. 1911இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. பாலுவோ 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

இத்தகையவருக்கு அணித்தலைமை மட்டும் வாய்க்கவே இல்லை. 1920இல் அவர் புறக்கணிக்கப்பட்டபோது தம்பியர் சிவராமும் விட்டலும் அணியை விட்டு விலகினர். அதன் பின்னரே பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். பாலு 1955இல் காலமானார்.

சொற்பொருள்: கூலி – உழைப்புக்குப் பெறும் பணம், புறக்கணித்தல் – மதியாது ஒதுக்குதல்.

பயிற்சி

1. பாலுவின் கையில் மட்டை தரப்படாததற்குக் காரணம் யாது?
2. ‘களத்தினுள் நுழைந்துவிட்டார், உணவு மேசைக்குத்தான் வழியில்லை’ – விளக்குக.
3. சிவராமும் விட்டலும் விலகியது சரியா? பத்து வரிகளில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: மண்குவளை, அந்நகர், பெரும்பாலும்.