அணுகுண்டின் சணல்: அறிபுனைகதை எழுத வரும் இளையவருக்கு

சிவகாசியில் ‘அணுகுண்டு’ என்று விற்கும் வெடியில் அணு எதுவும் பிளப்பதில்லை. மருந்து அடைத்த சின்னக் கூட்டின் மேல் பச்சைச் சணலை இறுக்கிச் சுற்றி, ஓரத்தில் ஒரு திரி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். சத்தத்தின் ரகசியம் அந்தச் சுற்றில் இருக்கிறது. நமுத்துப்போன வெடியைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டிப் பற்றவைத்தால் பெரும்பாலும் ‘புஸ்’ என்று எரிந்து அடங்கிவிடும். (தீபாவளி மறுநாள் இப்படி விரலைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள் ஏராளம்.) அதே மருந்து கூட்டுக்குள் எரிந்தால் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை, அழுத்தம் ஏறிக் கூடு கிழிகிறது.

கற்பனைக் கையெறிகுண்டு எழுதுபவர்கள் முதலில் ஆற்றலைத் தேடிப் போகிறார்கள். ஆற்றல் அவ்வளவு அரிய பண்டமில்லை. ஒரு கிலோ கருமருந்தில் சுமார் 3 மெகாஜூல் இருக்கிறது என்றால், ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 15. அரிசி எரியக் காற்று வெளியிலிருந்து வர வேண்டும். கருமருந்துக்கு வேண்டிய ஆக்சிஜனோ வெடியுப்பாக உள்ளேயே கலந்திருக்கிறது. அதனால்தான் அது அவ்வளவு வேகமாக எரிகிறது.

கதைகளில் அடிக்கடி வரும் எதிர்ப்பொருள் குண்டில் சிக்கல் வேறு. அரை கிராம் எதிர்ப்பொருள் சாதாரணப் பொருளைத் தொட்டாலே ஹிரோஷிமா குண்டை மிஞ்சிவிடும். எறிந்தவர் எங்கே ஓடுவார்? கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தாராளமாகப் போதும். அதையும் சுவரில் படாமல் வெற்றிடத்தில் மின்காந்தப் புலத்தால் தாங்க வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகம் எதிர்ப்புரோட்டான்களை அப்படித்தான் அடைத்து வைத்திருக்கிறது. புலமே சணல், பேட்டரியின் ஆயுளே திரி. நல்ல கதை கிடைக்கும் இடம் இது.

உறையவைக்கும் குண்டில் திரவ நைட்ரஜனை வைக்கலாம். −196 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம் லிட்டருக்கு 700 லிட்டர் வாயுவாக விரியும். மூடிய அறையில் குளிரைவிட மூச்சுத்திணறலே ஆளைக் கொல்லும். பிளாஸ்மா குண்டு என்றால், பிளாஸ்மா வெளியே வந்ததும் விரிந்து ஆறிப்போகும். ஈர்ப்புக் குண்டுக்கு ஒரு மலையின் எடையும் போதாது என்பதால் அதை விட்டுவிடலாம்.

குண்டை நம்பவைப்பது அதைக் கையாளும் மனிதர்கள்தான். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உடுத்துவது பருத்தி, நைலான் ஆகாது. பொறி பறக்கும் இரும்புக் கருவிக்கு அங்கே இடமில்லை. அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. இத்தனையையும் கதைக்குள் ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். எதிர்காலக் கிடங்கின் வாசலிலும் இப்படி ஒரு தகடு இருந்தால் வாசகர் குண்டை நம்பிவிடுவார்.

கலந்த மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்பதும் பட்டாசு ஆலை விதி. விருதுநகர் மாவட்டத்து விபத்துச் செய்திகளில் முந்தைய நாள் மிச்சமான மருந்து திரும்பத் திரும்ப வருகிறது.